மட்டை யாருக்கு, பந்து யாருக்கு? - அஸ்வினை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

2024 டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு, ரவிச்சந்திரன் அஸ்வின் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து விலகிக்கொண்டார். மறுநாள் தொப்பூர் டீக்கடையில் நான் புரட்டிய பத்திரிகைகளில் 537 என்ற எண் தலைப்பில் கிடந்தது. 106 டெஸ்டுகளில் அவர் எடுத்த விக்கெட்டுகள். 3503 என்ற இன்னொரு எண் கடைசிப் பத்திக்குத் தள்ளப்பட்டிருந்தது. அதே 106 டெஸ்டுகளில் அவர் அடித்த ரன்கள். மட்டையாலும் அவ்வப்போது கைகொடுத்தார் என்கிற தோரணையில் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். மட்டையாலும் என்ற சொல்லில் வந்து ஒட்டிக்கொள்கிற அந்த 'உம்' இருக்கிறதே, அதன் அரசியலைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆறு டெஸ்ட் சதங்கள், பதினான்கு அரைசதங்கள். ஒரே டெஸ்டில் சதமும் அடித்து, ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டும் எடுப்பது பெரும் பெயர் வாங்கிய பலருக்கு ஒருமுறைகூட வாய்க்காத காரியம். அஸ்வின் அதை நான்கு தடவை செய்திருக்கிறார்: 2011இல் மும்பை, 2016இல் நார்த் சவுண்ட், 2021இலும் 2024இலும் சேப்பாக்கம். அவரைவிட அதிகமாக, ஐந்து முறை, செய்தவர் இங்கிலாந்தின் இயன் போத்தம் ஒருவரே. டெஸ்டில் 500 விக்கெட்டும் 3000 ரன்னும் சேர்த்தவர்கள் என்று எடுத்தால் ஷேன் வார்ன், ஸ்டூவர்ட் பிராட், அஸ்வின் என்று மூவர்தான் தேறுவார்கள். அதில் வார்னுக்குச் சதமே கிடையாது, பிராடுக்கு ஒன்று. அஸ்வினுக்கு ஆறு. தொடர் நாயகன் விருது பதினொரு முறை. இதில் முத்தையா முரளிதரனுக்குச் சமமாக நிற்கிறார்.

இத்தனைக்கும் பிறகும் அவர் பெயருக்கு முன்னால் வருகிற அடைமொழி 'சுழற்பந்து வீச்சாளர்' என்பதுதான். இதைத் தனிமனிதருக்கு நேர்ந்த அநீதியாகக் கண்டு கண்ணீர் விடுவது என் நோக்கமல்ல. அவருக்குப் பணம், புகழ், விருது எதற்கும் குறைவில்லை. ஆனால் அவருக்கே இந்த 'உம்' தான் கிடைத்தது என்றால், அந்த 'உம்' எங்கிருந்து வருகிறது, அது யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2016இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த தொடரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வழக்கமாக ஏழாவது எட்டாவது ஆளாக வருகிறவரை ஆறாவது இடத்தில் இறக்கினார்கள். அந்த ஒரே தொடரில் இரண்டு சதம் அடித்தார், தொடர் நாயகன் ஆனார். அதற்குப் பின்? மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஆறாவது ஆளுக்குக் கூட நின்று ஆடத் தெரிந்த துணை இருக்கும். எட்டாவது ஆளுக்கு, அவன் கை சூடேறும்போது எதிர்முனையில் ஆள் தீர்ந்துவிடும். ஒருவர் எத்தனை ரன் அடிப்பார் என்பதை அவர் கை மட்டும் தீர்மானிப்பதில்லை, எத்தனையாவது ஆளாக அனுப்பப்படுகிறார் என்பதும் தீர்மானிக்கிறது. திறமை என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி அனுமதி.

2

மட்டை / பந்து என்பது ஓர் இருமை எதிர்வு. எல்லா இருமை எதிர்வுகளையும் போல இதிலும் ஒன்று மேலே, ஒன்று கீழே. அடிப்பது ஆட்டம், வீசுவது வேலை. முந்தையது அழகு, பிந்தையது உழைப்பு. அடிக்கிறவனுக்கு 'நேர்த்தி', 'நளினம்' என்ற சொற்கள். வீசுகிறவனுக்கு 'உழைத்தார்', 'தாக்குப்பிடித்தார்', 'தோள் கொடுத்தார்'. வர்ணனையில் புழங்குகிற இந்தச் சொற்களை மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து குறித்துப் பாருங்கள், ஒரு சமூகமே தெரியும்.

இது சும்மா நேர்ந்த ஒன்றல்ல, இதற்கு ஒரு வர்க்க வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1806இல் தொடங்கி 1962 வரைக்கும் 'கனவான்கள்' அணிக்கும் 'ஆட்டக்காரர்கள்' அணிக்கும் என்று ஒரு போட்டி நடந்துவந்தது. கனவான்கள் கூலி வாங்காமல் ஆடுகிறவர்கள். சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே முடிகிற காரியம். ஆட்டக்காரர்கள் கூலிக்கு ஆடுகிறவர்கள். கனவான்களில் பெரும்பாலோர் மட்டைக்காரர்கள், பந்துவீச்சின் பாரம் பெரும்பாலும் கூலிக்காரர்கள் மேல். இருவருக்கும் உடைமாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் நுழையும் வாசல் வேறு. ஆட்ட அட்டையில் கனவானுக்கு முதலெழுத்து பெயருக்கு முன்னால், கூலிக்காரனுக்குப் பின்னால். 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஃபிரெட் டிட்மஸ் என்ற இளைஞனின் முதலெழுத்துகள் அட்டையில் தவறுதலாக முன்னால் அச்சாகிவிட்டன. ஒலிபெருக்கியில் அறிவித்துத் திருத்தினார்கள். அந்த டிட்மஸ், பின்னாளில் அஸ்வினைப் போலவே ஆஃப் ஸ்பின்னும் வீசி மட்டையும் பிடித்தவர் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

தொப்பூர்க்காரனுக்கு இது புரிய லார்ட்ஸ் வரை போக வேண்டியதில்லை. எங்கள் கணவாயில் இரவும் பகலும் இறங்குகிற லாரிகளைப் பார்த்தாலே போதும். டிரைவர் ஒருத்தர், கிளீனர் ஒருத்தர். கிளீனருக்கு வண்டியின் ஒவ்வொரு நட்டும் தெரியும், எந்த வளைவில் எந்த கியர் என்றும் தெரியும். ஆனால் ஸ்டியரிங்கை எப்போது பிடிக்கலாம் என்பதை அவன் கையின் திறமை தீர்மானிக்காது. டிரைவர் 'எடுடா' என்று சொல்ல வேண்டும். சொல்லாமலே தலை நரைத்த கிளீனர்களும் உண்டு. அவர்களுக்கு ஓட்டத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

3

நம் நாட்டில் வர்க்கத்தின் மேல் சாதி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்துப் படிக்கட்டாக அடுக்குகிறது என்பது 'சாதி ஒழிப்பு' நூலில் 1936இல் அம்பேத்கர் வைத்த வாதம். அந்த வாதத்தை ஒரு கிரிக்கெட் மைதானத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் பல்வங்கர் பாலுவைப் பார்க்க வேண்டும்.

1876இல் பிறந்தவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமார் சாதி. 1890களில் பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதக் கூலிக்கு மைதான வேலை. ஆடுகளத்தைச் சமன் செய்வது, வலை கட்டுவது, பிறகு துரைகளுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசுவது. ஜே.ஜி. கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டைக்காரருக்கு மணிக்கணக்கில் வீசினார். இடது கைச் சுழல் அங்கேதான் தீட்டப்பட்டது. அந்தக் கிளப்பில் ஒரு தடவைகூட அவர் கையில் மட்டை கொடுக்கப்படவில்லை. வீசலாம், அடிக்கக் கூடாது. உழைப்பைத் தொடலாம், கருவியைத் தொடக் கூடாது.

பின்பு பூனா இந்துக்கள் தம் அணிக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள், வெள்ளைக்காரரைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசையில். மைதானத்துக்குள் எல்லாரும் அதே பந்தைத் தொட்டார்கள். தேநீர் வேளையில் பாலுவுக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே மண் குவளை. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அகில இந்திய அணியில் அவர் 114 விக்கெட் எடுத்தார். இருந்தும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்க மனம் வரவில்லை. 1920இல் இதற்காகப் பல்வங்கர் சகோதரர்கள் அணியை விட்டே விலகி நின்றார்கள். துணைத் தலைவர் பதவி வந்தது. தலைமை அவருடைய தம்பி விட்டலுக்குத்தான், அதுவும் 1923இல்தான் கிடைத்தது. விட்டல் மட்டைக்காரர் என்பதைக் கவனியுங்கள். தலைமைக்கான வாசல் பந்து வழியாகத் திறக்கவில்லை, மட்டை வழியாகத் திறந்தது. (பாலு 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அந்த முரணைத் தனியாகத்தான் பேச வேண்டும். இங்கே அதை மறைத்துவிட்டுப் பாலுவைப் புனிதராக்கவும் வேண்டாம்.)

இரண்டாவது பெயர் வினு மன்கட். 1952இல் லார்ட்ஸ் டெஸ்டில் 72, 184 என்று இரண்டு இன்னிங்ஸிலும் அடித்தார். நடுவே 73 ஓவர் வீசி ஐந்து விக்கெட் எடுத்தார். இந்தியா தோற்றது, ஆனால் அந்த டெஸ்டுக்கு அவர் பெயரைத்தான் வைத்துச் சொல்கிறார்கள். 1956 ஜனவரியில் நம் சென்னையில் பங்கஜ் ராயுடன் சேர்ந்து தொடக்க ஜோடியாக 413 ரன் சேர்த்தார், அதில் 231 அவருடையது. அந்தச் சாதனை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் நின்றது. இப்படி இரண்டு கையாலும் ஆடிய மனிதரின் பெயர் உலக மொழியில் எதற்கு நிலைத்தது? 1947இல் சிட்னியில், பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு வெளியேறிய பில் பிரவுனை ரன் அவுட் ஆக்கினார். அதற்கு முந்தைய ஓர் ஆட்டத்திலேயே எச்சரித்தும் இருந்தார். ஆஸ்திரேலியாவின் தலைவர் பிராட்மனே மன்கட் பக்கம் நியாயம் இருப்பதாக எழுதினார். ஆனாலும் 'மன்கட்' என்பது ஏமாற்று வேலைக்கு மறுபெயர் ஆயிற்று. ஓடத் திருடியவன் பெயர் எந்த அகராதியிலும் ஏறவில்லை. பிடித்தவன் பெயர் வசைச்சொல் ஆனது. 184 ரன் அடித்த மட்டைக்காரனின் பெயரல்ல அது. தன் உரிமையைக் கேட்ட பந்துவீச்சாளனின் பெயர்.

4

இப்போது நம்ம பக்கத்துக்கு வரலாம். தொப்பூரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் காய்ந்த ஏரியிலும் அறுத்துப் போட்ட காட்டிலும் டென்னிஸ் பந்து ஆட்டம். யாருக்கும் சொல்லித் தராத ஒரு சட்டம் எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருக்கிறது: மட்டை யாருடையதோ அவனுக்கு முதல் பேட்டிங். அவன் அவுட் ஆகிக் கோபித்துக்கொண்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஆட்டமே முடிந்தது. "அவன் பேட்டுப்பா, அவன் சொல்றதுதான்" என்று பையன்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். உற்பத்திக் கருவி யார் கையில் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

பந்துக்கு எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிவிடலாம். மட்டை அப்படியல்ல. டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு மாறும்போது மட்டையோடு காலுறை, கையுறை, தலைக்கவசம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அடிக்கப் பழக வலை வேண்டும், உனக்கு வீச நாலு பேர் வேண்டும், சொல்லித்தர ஒருவர் வேண்டும். வீசப் பழக ஒரு பந்தும் ஒரு சுவரும் போதும். ஆகவே சிற்றூரிலிருந்து மேலே வருகிறவன் பந்தோடு வருகிறான். அதன் பிறகு நாம் 'கிராமத்துப் பையன்களுக்கு இயல்பாகவே வேகம் உண்டு' என்று ஒரு உடலியல் கதையை எழுதிவிடுகிறோம். அது இயல்பா, விலைப்பட்டியலா?

கணவாய் இறங்கினால் சேலம் மாவட்டம். அங்கே சின்னப்பம்பட்டி. தங்கராசு நடராஜன் அந்த ஊர்க்காரர். அப்பா தறி வேலை, அம்மா சாலையோரக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். 2020 இறுதியில் இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அவருடைய பதவியின் பெயர் 'நெட் பௌலர்'. வலையில் நிற்கிற மட்டைக்காரர்களுக்கு வீசிக்கொடுப்பவர். மற்றவர்கள் காயம்பட்டு விழ விழ, டிசம்பர் 2இல் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4இல் டி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 1890களின் பூனாவில் பாலு செய்த வேலைக்கும் 2020இன் 'நெட் பௌலர்' வேலைக்கும் நடுவே 120 ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. மண் குவளை போய்விட்டது, மாதக் கூலி கோடிகளாக மாறியிருக்கிறது, இவற்றைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் நுழைவாசல் அதே இடத்தில்தான் இருக்கிறது: அடிக்கிறவனுக்குப் பயிற்சி கொடுக்கிற உடலாக உள்ளே வா.

அதே பிரிஸ்பேன் டெஸ்டில் இன்னொரு தமிழரும் அறிமுகமானார், வாஷிங்டன் சுந்தர். அவரும் அந்தப் பயணத்தில் வலையில் வீசுவதற்காக நிறுத்திவைக்கப்பட்டவர்தான். முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் ஆளுக்கு மூன்று விக்கெட். மட்டை பிடித்தபோது சுந்தர் 62 அடித்தார், ஷர்துல் தாக்கூருடன் சேர்ந்து சரிந்துகிடந்த ஆட்டத்தைத் தூக்கினார். சுந்தர் சென்னையில், கிரிக்கெட் ஆடிய தந்தையிடம் சிறு வயது முதல் மட்டைக்காரராகப் பழகியவர். இருவரும் வலைக்குள் வந்தது ஒரே வேலைக்கு. ஒருவரிடம் இரண்டாவது கையும் இருந்தது. காரணம், அது வளர்வதற்கான நேரமும் இடமும் முன்பே கிடைத்திருந்தன. இது சுந்தரைக் குறை சொல்வதற்கல்ல. இரண்டு கை எங்கே முளைக்கிறது என்று காட்டுவதற்கு.

2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. ஊர் டீம் வேறு, காலனி டீம் வேறு என்பது இங்கே யாருக்கும் ஆச்சரியம் தருகிற செய்தியல்ல. ஆள் பத்தாத நாளில் அந்தப் பக்கத்திலிருந்து யாரைக் கூப்பிடுவார்கள்? நன்றாக வீசுகிற பையனை. "வந்து நாலு ஓவர் போட்டுட்டுப் போடா." நாலு ஓவர் போட்டுவிட்டுப் போவது வரைக்கும்தான் அந்த அழைப்பு. மட்டை பிடிக்கிற முறை வரும்போது அவன் 'ஒப்புக்குச் சப்பாணி'. பாலுவைப் பற்றி ஒரு வரிகூட வாசித்திராத பையன்கள், பாலுவின் வாழ்க்கையை அப்படியே நடத்திக் காட்டுகிறார்கள்.

5

உலகத்தில் இந்தப் பிரிவினையை உடைத்த ஒருவர் என்று இன்று எல்லாரும் காட்டுகிறவர் ஜப்பானியப் பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓட்டானி. 1994இல் இவாதே மாகாணத்தில் பிறந்தவர். பேஸ்பாலில் பந்தை எறிபவர் பிட்சர். அமெரிக்கப் பெரு லீக்குகளில் ஒன்று 1973இலேயே ஒரு விதி போட்டுவிட்டது: பிட்சர் மட்டை பிடிக்க வேண்டாம், அவருக்குப் பதில் அடிப்பதற்கென்றே ஒருவர் நிற்கலாம். வேலைப்பிரிவினை சட்டமாகவே எழுதப்பட்ட இடம் அது. பள்ளி முடித்ததும் நேரே அமெரிக்கா போவேன் என்றிருந்த ஓட்டானியை, நிப்பான் ஹாம் ஃபைட்டர்ஸ் என்ற ஜப்பானிய அணி எப்படிப் பிடித்து நிறுத்தியது தெரியுமா? இரண்டையும் செய்ய விடுகிறோம் என்ற வாக்குறுதியும் அதில் முக்கியமானது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று பழைய வீரர்கள் கத்திக்கொண்டிருந்தபோது குரியாமா என்ற மேலாளர் 2013 முதல் அவரை இரண்டிலும் இறக்கினார்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 2018இல் அமெரிக்கா. 2021இல் 46 ஹோம் ரன், எறிபவராக ஒன்பது வெற்றி. 2021, 2023, 2024, 2025 என நான்கு முறை ஒருமனதாக லீகின் மிகச் சிறந்த வீரர். 2024இல் 54 ஹோம் ரன்னும் 59 தளத் திருட்டும், ஒரே பருவத்தில் இரண்டிலும் ஐம்பதைத் தொட்ட முதல் ஆள். 2025 அக்டோபர் 17 அன்று ஒரே ஆட்டத்தில் பத்துப் பேரை எறிந்தே வெளியேற்றினார், தானே மூன்று ஹோம் ரன் அடித்தார். இதற்கு உடம்பு கொடுத்த விலையும் உண்டு. 2018இலும் 2023இலும் முழங்கையில் அறுவைச் சிகிச்சை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சாதனைப் பட்டியல் அல்ல, ஒரு விதி. 2022இல் அமெரிக்க லீக் தன் சட்டத்தையே திருத்தியது. எறிந்து முடித்த பிட்சர் தொடர்ந்து அடிப்பவராக ஆட்டத்தில் நிற்கலாம். எல்லாரும் அதை ஓட்டானி விதி என்றுதான் சொல்கிறார்கள். ஆள் பெரியவனாகி, அவனை வைத்துச் சந்தை பெருகும்போது, மாறவே மாறாது என்ற சட்டமும் மாறுகிறது. ஆக, அது இயற்கை விதியாக ஒருநாளும் இருக்கவில்லை.

ஓட்டானியைப் பற்றிய சொல்லாடலில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வாசகம், பேப் ரூத்துக்குப் பின் இப்படி ஒருவர் என்பது. பேப் ரூத் 1918, 1919 பருவங்களில் இரண்டும் செய்த வெள்ளை வீரர். அவருக்கும் ஓட்டானிக்கும் நடுவில் நூறு ஆண்டு வெறுமையாகக் கிடந்ததா? இல்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் உள்ளே வருகிற வரை பெரு லீக்குகள் கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பர்கள் தமக்கென்று நடத்திய நீக்ரோ லீக்குகளில் 'புல்லட்' ரோகன் எறிந்தார், அடித்தார். கியூபாவின் மார்ட்டின் டிஹிகோ எறிந்தார், அடித்தார், ஏறக்குறைய எல்லா இடத்திலும் நின்றார். டெட் ராட்கிளிஃப் ஒரே நாளின் இரண்டு ஆட்டங்களில் ஒன்றில் பந்து பிடிப்பவர், மற்றதில் எறிபவர். அதனால் அவர் பெயரே 'டபுள் ட்யூட்டி'. அங்கே ஏன் இத்தனை பேர்? அணிகளிடம் காசில்லை, ஆட்களைக் குறைவாகவே வைத்துக்கொள்ள முடிந்தது. ஒவ்வொருவனும் இரண்டு வேலை பார்த்தாக வேண்டும். வறுமை பிரிவினையைக் கட்டுப்படியாகாததாக்கியது. அந்த லீக்குகளைப் பெரு லீக்குகளாக ஏற்றுக்கொள்ளவே 2020 டிசம்பர் ஆயிற்று, கணக்குகளைச் சேர்க்க 2024 ஆயிற்று. விளிம்பில் இருக்கிறவன் இரண்டு வேலை செய்தால் அது பிழைப்பு, மையத்தில் இருக்கிறவன் செய்தால் அது அற்புதம். 'அற்புதம்' என்ற சொல் இப்படித்தான் வரலாற்றைத் துடைத்துப்போடுகிறது.

நம் ஊரில் என்ன நடந்தது? ஒரு மனிதனுக்காக அவர்கள் விதியைத் தளர்த்திய மறு ஆண்டு, 2023இல், ஐபிஎல் நேர்எதிரான விதி ஒன்றைக் கொண்டுவந்தது. 'இம்பாக்ட் பிளேயர்'. ஆட்டத்தின் நடுவே ஓர் ஆளை எடுத்துவிட்டு இன்னோர் ஆளைப் போடலாம். அடிக்கும்போது ஒரு மட்டைக்காரன், வீசும்போது ஒரு பந்துவீச்சாளன். இரண்டும் செய்கிறவன் எதற்கு? இது ஆல்ரவுண்டர்களைக் காலி செய்கிறது என்று 2024இல் அன்றைய இந்திய அணித் தலைவர் ரோஹித் சர்மாவே வெளிப்படையாகப் பேசினார். அவர் சுட்டிய பெயர்களில் வாஷிங்டன் சுந்தருடையதும் ஒன்று.

6

இரண்டு எதிர்வாதங்கள் வரும். இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்று: தேர்ச்சி என்றால் ஒன்றில் ஆழ்வது, எல்லாரும் எல்லாம் செய்ய முடியுமா? முடியாதுதான். ஓட்டானியின் முழங்கையே சாட்சி. எல்லாரும் இரண்டும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒன்றில் ஆழ்வதைத் தேர்ந்தெடுப்பது வேறு, ஒன்றில் அடைபட்டுக் கிடப்பது வேறு. மேலே இருக்கிறவனின் ஒற்றை வேலைக்கு 'தேர்ச்சி' என்று பெயர். கீழே இருக்கிறவனுக்கு அதுவே விதி. இரண்டையும் ஒரே சொல்லால் மூடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இரண்டு: அஸ்வின் மேற்கு மாம்பலத்துப் படித்த நடுத்தர வர்க்கம். சென்னைக் கிளப் கிரிக்கெட் நெடுங்காலம் யார் கையில் இருந்தது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரை எதற்குப் பாலுவுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறாய்? நிறுத்தவில்லை. அவர் தொடங்கியதே தொடக்க மட்டைக்காரராக. மிதவேகம் வீசியவர், சிறு வயதில் பட்ட காயத்துக்குப் பிறகு சுழலுக்கு மாறினார். அதாவது மட்டை முதலில் வந்தது. அது வருவதற்கான எல்லா வசதியும் அவருக்கு இருந்தது. அவரிடம் இரண்டு கை இருந்தது என்பதே என் வாதத்துக்குச் சான்று. ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. மட்டையோடு பிறந்த அந்த மனிதர் பந்தின் பக்கம் வந்து நின்றதும், பந்துவீச்சாளனுக்கு நேர்வதெல்லாம் அவருக்கும் நேர ஆரம்பித்தது. 2021 இங்கிலாந்துப் பயணத்தில் ஆடிய நான்கு டெஸ்டிலும் வெளியே உட்கார்ந்தார். 2023 ஜூனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் நடந்தபோது தரவரிசையில் முதல் பந்துவீச்சாளர் அவர். அணியில் இடமில்லை. ஆடுகளத்தைப் பார்த்துப் பந்துவீச்சாளனை நீக்குவார்கள், அதே ஆடுகளத்தைப் பார்த்து மட்டைக்காரனை நீக்கும் வழக்கம் குறைவு. வேலை இருந்தால் கூப்பிடுகிறோம் என்பது கூலிக்காரனிடம் பேசுகிற பேச்சு. அதன் பிறகு ஒரு நேர்காணலில், நல்ல மட்டைக்காரனாக இருந்தவன் பந்துவீச்சாளன் ஆகியிருக்கவே கூடாது என்பதே தன் வருத்தமாக இருக்கும் என்ற பொருள்பட அவர் பேசினார். சொந்த வருத்தமாகத் தோன்றும் அது ஓர் அமைப்பைப் பற்றிய வாக்குமூலம்.

அவர் வருத்தத்தோடு நின்றுவிடவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில், வீசும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை ரன் அவுட் ஆக்கினார். உலகமே 'கனவான்களின் ஆட்டம்' என்று பாடம் நடத்தியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. விதியில் உள்ளதைத்தான் செய்தேன், மட்டைக்காரன் அங்குலம் திருடுவது மட்டும் எப்படி நாகரிகம் என்று ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார். 2022 அக்டோபரில் எம்சிசி அந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண 'ரன் அவுட்' பிரிவுக்கு மாற்றியது. 1947இல் மன்கட் மேல் ஒட்டப்பட்ட கறையைச் சட்டத்தின் அளவிலாவது துடைக்க 75 ஆண்டு பிடித்தது. 537ஐயும் 3503ஐயும் விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். சாதனை ஒருவனை உயர்த்தும். விதி மாறினால் அவனுக்குப் பின்னால் வீசுகிற எல்லாருக்கும் உதவும்.

2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான சதம். கையில் விக்கெட் இல்லை, எதிர்முனையில் பதினோராவது ஆள் முகமது சிராஜ். அப்பா ஆட்டோ ஓட்டி வளர்த்த ஹைதராபாத் பையன், அவரும் பந்தோடு மேலே வந்தவர். அஸ்வின் நூறைத் தொட்டபோது சிராஜ் தானே நூறு அடித்தவர் போலக் குதித்தார். நட்பு என்று அதை எழுதினார்கள். எனக்கு வேறொன்றும் தெரிந்தது. தங்கள் ஆள் ஒருவன் அந்தப் பக்கத்துக் காரியத்தைச் செய்து முடித்ததைப் பார்க்கிறவனின் குதிப்பு அது.

ஆகவே நம் கேள்வியை அற்புதங்களிடமிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். கிராமத்து டோர்னமெண்ட் நடத்துகிற இளைஞர் மன்றங்கள், பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள், மாவட்டச் சங்கங்கள், நம் அமைப்புகள் நடத்துகிற விளையாட்டு விழாக்கள், எல்லாரும் செய்யக்கூடிய ஒன்றுதான். பரிசுக் கோப்பைக்குச் செலவழிக்கிற பணத்தில் இரண்டு பொது மட்டை வாங்கி வையுங்கள். யாருடையதும் அல்லாத மட்டை. நாலு ஓவர் போட வருகிற பையனை மூன்றாவது ஆளாக இறக்கிப் பாருங்கள். அவன் முதல் பந்திலேயே அவுட் ஆகலாம். ஆகட்டுமே, மட்டை வைத்திருப்பவனும் அப்படி எத்தனையோ தடவை ஆகியிருக்கிறான், யாரும் அவனைக் கீழே இறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே பையனை மூன்றாவதாக இறக்க வேண்டும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும்.